திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கத்தி: பிரிட்டிஷ் த்ரில்லரும் வயதுச் சான்றிதழும்

த்ரில்லர் படத்தின் இலக்கணத்தைப் படிக்க வரும் ஊடக மாணவரின் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். நிழல், படிக்கட்டு, பாதி திறந்த கதவு, முகம் காட்டாத கை, சட்டென்று நின்றுபோகும் இசை, நமக்குத் தெரிந்தும் பாத்திரத்துக்குத் தெரியாத ஆபத்து. வயதுச் சான்றிதழ் பற்றிய பாடம் அதற்கு வெகுதூரம் தள்ளி, விநியோகம், சட்டம், இலக்குப் பார்வையாளர் ஆகியவற்றோடு வருகிறது. முன்னது கலை, பின்னது அலுவலகக் காரியம் என்று மாணவரும் பிரித்து மனத்தில் போட்டுக்கொள்கிறார். படத்தை எடுத்து முடித்த பிறகு அதன் வாசலில் ஓர் எண்ணை எழுதி ஒட்டுவதுதான் தணிக்கை வாரியத்தின் வேலை என்ற எண்ணம் இப்படித்தான் உருவாகிறது. ஆனால் நூறாண்டுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சான்றளிப்பின் வரலாற்றை அந்நாட்டு த்ரில்லர்களின் வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. எதை மறைக்க வேண்டும் என்ற விதியும் எப்படி மறைக்கலாம் என்ற கலையும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. விதி மாறிய ஒவ்வொரு முறையும் மறைப்பின் பொருளும் மாறியது. சில சமயம் அது நேர் எதிராகவே திரும்பியது.

பிரிட்டனில் தணிக்கை முறை பிறந்த கதையே விசித்திரமானது. தீப்பிடிக்கும் பிலிம் சுருளிலிருந்து மக்களைக் காப்பதற்காக 1909இல் ஒளிப்படக் காட்சிச் சட்டம் வந்தது. கொட்டகைக்கு உரிமம் தரும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்குப் போனது. அவை படத்தின் உள்ளடக்கத்திலும் கைவைக்கத் தொடங்கியதும், ஊருக்கு ஒரு விதி வந்துவிடுமோ என்று பயந்த திரைத்துறையினர் தாங்களே 1912இல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். 1913 முதல் யு, ஏ என்ற இரண்டு எழுத்துகள் புழக்கத்துக்கு வந்தன. இந்தியாவில் இன்றும் படம் தொடங்குமுன் திரையில் தோன்றும் சான்றிதழ் எழுத்துகளின் மூலம் இதுவே. அன்றைய ஏ, பெரியவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தவில்லை; 1920களில், பதினாறு வயதுக்குட்பட்டவர் பெற்றோருடனோ காப்பாளருடனோ வந்தால் பார்க்கலாம் என்ற நடைமுறை பரவியது. வாரியத் தலைவர் டி.பி. ஓ'கானர் 1916இல் முன்வைத்த 43 விலக்குகளின் பட்டியல் த்ரில்லர் மாணவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஆவணம். கோரமான கொலை, கழுத்தை நெரிக்கும் காட்சி, மரணதண்டனை, குற்றவாளி குற்றத்தைச் செய்யும் முறை ஆகியவை அதில் இருக்கின்றன. இவை நான்கையும் எடுத்துவிட்டால் ஒரு குற்றக்கதையில் மிச்சம் என்ன இருக்கும்? குற்றத்துக்கு முன்பும் பின்பும் உள்ள நேரம் இருக்கும், அதைச் சுமக்கிற முகங்கள் இருக்கும், ஒலி இருக்கும். த்ரில்லர் குடியேறியது அந்த மிச்ச நிலத்தில்தான்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' (1929) அந்த நிலத்தில் முளைத்த முதல் பெரிய மரம். ஓவியன் ஒருவன் ஆலிஸ் என்ற இளம்பெண்ணைத் தன் அறைக்கு அழைத்து வருகிறான். படுக்கையை மறைத்துத் தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால் அவளை இழுத்துப்போகிறான். துணி அசைவது மட்டும் தெரிகிறது. ஒரு கை வெளியே நீண்டு துழாவுகிறது. ரொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கத்தி அதில் அகப்படுகிறது. கை உள்ளே போகிறது. சீலை அசைந்து அசைந்து ஓய்கிறது. பிறகு ஓர் ஆணின் கை செத்துத் தொங்குகிறது. மறுநாள் காலை, அவள் தந்தையின் கடையை ஒட்டிய அறையில் சிற்றுண்டி நேரம். பக்கத்து வீட்டுக்காரி கொலையைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பேச்சு மெல்ல மங்கி முணுமுணுப்பாகிவிட, கத்தி என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பத் துல்லியமாகக் கேட்கிறது. ரொட்டியை வெட்டச் சொல்கிறார் தந்தை. கத்தி ஆலிஸின் கையிலிருந்து துள்ளி விழுகிறது. பிரிட்டனின் முதல் பேசும்படங்களில் ஒன்றாக வந்த இப்படத்தில் ஒலி செய்திருக்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். திரைச்சீலை எதை மறைத்ததோ அதை மறுநாள் காலையில் ஒலி மீட்டுக் கொண்டுவந்து, பார்த்தவர் காதில் குத்துகிறது. மறைத்ததால் கொலை லேசாகிவிடவில்லை; கனத்துப்போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். ஹிட்ச்காக் 1920களின் நடுவில் ஜெர்மனியில் வேலை பார்த்தவர். நிழலும் குறிப்பும் அவர் அங்கே கற்றுக்கொண்டவை. இதில் தணிக்கைக்கு என்ன பங்கு? அந்த உத்திகள் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமில்லை. ஒரு மண்ணுக்கு வந்த விதை அங்கே ஏன் வேர்விட்டது என்பது வேறு கேள்வி. தணிக்கை நேரடியாகக் காட்சியை மாற்றி எழுதவைத்ததற்கு 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1934) சான்று. அதன் இறுதியில் வரும் முற்றுகை, 1911இல் லண்டன் சிட்னி தெருவில் நடந்த உண்மை முற்றுகையை நினைவூட்டுவது. போலீசார் துப்பாக்கியோடு வருவதை வாரியம் விரும்பவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: பக்கத்துத் துப்பாக்கிக் கடையிலிருந்து ஆயுதங்களைக் கொண்டுவந்து போலீசாருக்குக் கொடுப்பதாகக் காட்சி அமைந்தது. அந்தக் கைமாற்றமும் பழகாத ஆயுதத்தைப் புரட்டிப் பார்க்கும் தயக்கமும் முற்றுகைக்குப் பதற்றத்தைக் கூட்டுகின்றன. தணிக்கை படத்தை மேம்படுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது கத்தரிக்கோலுக்குக் கவிமகுடம் சூட்டுவதாகும். தடை விட்டுவைத்த இடுக்கில் கதை நுழையக் கற்றுக்கொண்டது, அந்த நுழைவே வழக்கமாயிற்று என்பதுதான் என் வாதம். 1932இல் திகிலுக்கென்றே ஹெச் என்ற அடையாளம் வந்தபோதும் த்ரில்லர் பெரும்பாலும் ஏ பக்கமே நின்றது. எட்கர் வாலஸ் கதையான 'டார்க் ஐஸ் ஆஃப் லண்டன்' (1939) போல ஒன்றிரண்டுதான் கோட்டைத் தாண்டி ஹெச் ஆயின.

1951இல் எக்ஸ் வந்தது. பதினாறு வயதாகாதவர் யாருடன் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கதவு உண்மையாகவே சாத்தப்பட்டது. அதனாலேயே உள்ளே இருந்த அறை பெரிதாயிற்று. ஹாமர் நிறுவனம் 'டிராகுலா'வில் (1958) ரத்தத்தை வண்ணத்தில் காட்டியது. இரண்டாண்டு கழித்து மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' வந்தது, அதே 1960இல் 'சைக்கோ' வந்தது. மூன்றும் எக்ஸ். இந்த மூன்று படங்களுக்கும் இன்று என்ன சான்றிதழ் என்று பார்ப்பது சுவையான சோதனை. 'டிராகுலா' இன்று 12. 'சைக்கோ' 15; 'பீப்பிங் டாம்' 15. எக்ஸ் அன்று பதினாறு வயதுக் கோடு என்பதை நினைவில் வைத்தால், ரத்தத்தைக் காட்டிய படம் நான்காண்டு இறங்கிவிட்டது. பெரும்பாலும் மறைத்த இரண்டும் ஓராண்டுதான் இறங்கின. 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியில் கத்தி உடலில் இறங்குவது ஏறக்குறையக் கண்ணில் படுவதேயில்லை. ஓடுகிற ரத்தம் சாக்லேட் குழம்பு. மற்றதெல்லாம் வெட்டும் ஒட்டும் வயலினும். காட்டப்பட்ட கோரம் ஒப்பனைக் கலையோடு சேர்ந்து பழசாகிச் சிரிப்புக்குள்ளாகிறது. பார்ப்பவரே மனத்துக்குள் நிரப்பிக்கொண்ட கோரத்துக்கு வயதாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கத்தியை அங்கே செருகிக்கொள்கிறது. கோரைப்பல் மனிதன் கற்பனை உலகத்தவன், விடுதி நடத்துபவன் நம்மோடு வாழ்பவன், அந்த வேறுபாடும் இதில் சேரும் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆயினும் வாரியத்தின் அளவுகோல் காட்சியில் தெரியும் விவரத்தை எண்ணுவது மட்டுமன்று என்பதற்கு இந்த மூன்று எண்களே போதுமான சாட்சி.

1970இல் ஏஏ என்ற புதிய வகை பதினான்கு வயதுக்கு வந்தது. எக்ஸ் பதினெட்டுக்கு உயர்ந்தது. அந்த விடுதலைக்குப் பிறகு லண்டனுக்குத் திரும்பிய ஹிட்ச்காக் எடுத்த 'ஃபிரென்ஸி' (1972) என் வாதத்துக்குச் சிக்கல் தரும் படம். ஆகவே அதைத் தாண்டிப் போகக் கூடாது. முதல் கொலையில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கழுத்துப்பட்டி இறுகுவதை, மூச்சுத் திணறுவதை, நாக்கு வெளியே தள்ளுவதைப் பார்க்கவே முடியாத அளவுக்கு நின்று காட்டினார். இரண்டாவது கொலையில், கொலைகாரன் ஒரு பெண்ணை மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்துகிறான். கேமரா உள்ளே போகாமல் படிக்கட்டில் பின்னோக்கி இறங்குகிறது, சத்தமில்லாமல், மெதுவாக. வாசலுக்கு வந்ததும் காவெண்ட் கார்டன் சந்தையின் இரைச்சல் திடுமென வந்து மோதுகிறது. மூட்டை சுமந்த ஒருவன் குறுக்கே போகிறான். எதிர்ச்சாரியிலிருந்து அந்தக் கட்டடம் மற்றெந்தக் கட்டடத்தையும்போல் நிற்கிறது. யாரும் தடுக்காதபோதும் மறைக்கிறாரே, அப்படியானால் மறைப்பு தணிக்கையால் வந்ததில்லையே என்று கேட்கலாம். என் கண்ணுக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. விதி கட்டாயப்படுத்தி நாற்பதாண்டு பழக்கிய அசைவு, விதி விலகிய பிறகு தேர்வாக மாறியிருக்கிறது. அதுவும் ஒரு முறை காட்டிவிட்டதால்தான் மறுமுறை காட்டாததன் சுமை நம்மீது முழுவதுமாக விழுகிறது. கட்டாயம் கலை மரபாவதன் வரலாறு அந்த ஒற்றைப் படிக்கட்டில் இருக்கிறது.

1982இல் எழுத்துகளின் இடத்துக்குப் பெரும்பாலும் எண்கள் வந்தன: யு, பி.ஜி., 15, 18. வாரியத்தின் பெயரிலிருந்த தணிக்கை என்ற சொல்லே 1984இல் வகைப்பாடு என்று மாறியது. ஆனால் பி.ஜி.க்கும் 15க்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. 1989 கோடையில் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'லைசென்ஸ் டு கில்' அந்தப் பள்ளத்தில் விழுந்தது. வெட்டுகளுக்குப் பிறகும் 15 வாங்கிய முதல் பாண்ட் படம் அது. அடுத்த சில வாரங்களில் 'பேட்மேன்' படத்தோடு 12 என்ற வகை பிறந்தது. 2002 ஆகஸ்டில் அதுவும் நெகிழ்ந்து 12ஏ ஆயிற்று: பன்னிரண்டு வயதாகாதவர் பெரியவர் ஒருவருடன் வந்தால் பார்க்கலாம். முதல் 12ஏ படம் 'தி போர்ன் ஐடென்டிட்டி', அச்சு அசலான த்ரில்லர். நினைத்துப் பார்த்தால், 1920களின் பழைய ஏ எண்பதாண்டு கழித்து ஓர் எண்ணை முன்னால் மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இந்தியாவில் 1983 முதல் யு/ஏ செய்துவரும் வேலையும் ஏறத்தாழ இதுவே. 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அது 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருப்பது நம் விஸ்காம் மாணவர்கள் இனிமேல்தான் ஆராய வேண்டிய தனிக்கதை.

12ஏ கொண்டுவந்த மறைப்பு பழைய மறைப்பின் சாயல்தான், குணம் வேறு. காயத்தையும் ரத்தத்தையும் அழுத்திக் காட்டாமல், விவரத்தில் தங்காமல் போனால் வன்முறை இருக்கலாம் என்பது அதன் சாரம். 'போர்ன்' படத்தில் பாரிஸ் வீட்டுச் சண்டையில் பேனா ஆயுதமாகிறது. எது எங்கே பட்டது என்று கண் புரிந்துகொள்ளுமுன் காட்சித்துண்டு மாறிவிடுகிறது. 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஜோக்கர் பென்சில் ஒன்றை மறையவைக்கும் வித்தை காட்டுகிறான். ஒரு தலை மேசையில் மோதுகிறது, பென்சில் இல்லை, ரத்தமும் இல்லை. கொட்டகையில் சிரிப்பு வருகிறது. 'பிளாக்மெயில்' சீலைக்குப் பின்னால் மறைத்த கொலை மறுநாள் காலை ரொட்டி மேசை வரை தொடர்ந்து வந்தது. பென்சில் வித்தையில் செத்தவனை அடுத்த நொடியில் யாரும் நினைப்பதில்லை. மறைத்துக் கனக்கவைத்தது ஒரு காலம். மறைத்து லேசாக்குவது இக்காலம். 'தி டார்க் நைட்'டின் 12ஏ சான்றிதழை எதிர்த்து வாரியத்துக்கு 300க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினார்கள். காயத்தின் விவரம் காட்டப்படவில்லை, கதைக்களம் சித்திரக்கதைக் கற்பனை என்பது வாரியத்தின் பதில். இரண்டு பக்கமும் உண்மையையே பேசின. வாரியம் கண்ணுக்குத் தெரிந்ததைப் பேசியது. பெற்றோர், வாய்க்குள் கத்தியை வைத்துக் கதை சொல்பவனின் குரலைப் பேசினார்கள்.

இதெல்லாம் வணிகம்தானே, சான்றிதழைக் குறை சொல்வானேன் என்பது அடுத்த மறுப்பு. சிறுவர் கூட்டத்தை இழக்க விரும்பாத தயாரிப்பாளர் தாமே மென்மையாக்குகிறார் என்பது சரி. ஆனால் எவ்வளவு மென்மை, எந்த நொடியில் என்று அவருக்கு அளந்து சொல்வது சான்றிதழின் கோடு. 'கேசினோ ராயல்' (2006) 12ஏ பெறுவதற்காக அதன் சித்திரவதைக் காட்சி குறைக்கப்பட்டது. வேறு கோடாக இருந்தால் வேறு அளவில் குறைந்திருக்கும். பணம் பாய்கிற தண்ணீர் என்றால் சான்றிதழ் வாய்க்கால். தண்ணீரை மட்டும் படித்துவிட்டு வயல் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று விளக்க முடியாது.

அந்தக் கோட்டின் வேலையை மிகக் கிட்டத்தில் காட்டுவது 'தி வுமன் இன் பிளாக்' (2012). தயாரித்தது அதே ஹாமர் பெயர்தான், ஒரு காலத்தில் எக்ஸை விளம்பரமாக்கிப் பிழைத்த பெயர். நாயகன் டேனியல் ராட்க்ளிஃப், ஹாரி பாட்டராகச் சிறுவர்கள் அறிந்த முகம். 15 வந்துவிடக் கூடாது என்று விநியோகஸ்தர் வாரியத்தின் யோசனை கேட்டார். சுமார் ஆறு நொடி வெட்டப்பட்டது. அதோடு சில காட்சித்துண்டுகளை இருட்டாக்கினார்கள், சில இடங்களில் ஒலியின் அளவைக் குறைத்தார்கள். நிழலைக் கூட்டுவது, சத்தத்தை அடக்குவது: மாணவரின் பட்டியலில் பயத்தை வளர்க்கும் உத்திகளாக எழுதப்பட்டிருப்பவை இவை, இங்கே பயத்தைக் குறைக்கும் திருத்தங்களாகக் கணக்கில் ஏறின. படம் 12ஏ வாங்கியது. அந்த ஆண்டு வாரியத்துக்கு மிக அதிகமான புகார்கள் வந்ததும் அந்தப் படத்தைப் பற்றியே.