பறிக்கப்பட்ட ஓட்டுத் தொழிற்சாலைகள்

பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய வீடுகளின் மேல் காணும் மங்களூர் ஓட்டுக்கு ஒரு மிஷன் வரலாறு உண்டென்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1834இல் மங்களூருக்கு வந்த பாசல் மிஷன், ஞானஸ்நானம் பெற்றதால் சாதியாரையும் பிழைப்பையும் இழந்தோருக்கு வேலை தரவேண்டி நெசவுச்சாலைகளை ஏற்படுத்திற்று. 1865இல் பிளெப்ஸ்ட் ஐயர் முயற்சியால் ஓட்டுத் தொழிற்சாலையும் எழுந்தது.

1914இல் போர் மூண்டது. ஜெர்மன் மிஷனெரிகள் அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர் நாடு கடத்தப்பட்டனர். மிஷன் வியாபாரச் சங்கத்தின் தலைமையிடம் நடுநிலை நாடாகிய சுவிட்சர்லாந்தில் இருந்தும், அதன் ஆலைகள் தப்பவில்லை. அவை 1919இல் லண்டனில் அமைந்த காமன்வெல்த் டிரஸ்டின் கைக்குச் சென்றன. அதே ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை, 438ஆம் பிரிவில், ஜெர்மன் மிஷன்களின் சொத்துகள் கிறிஸ்தவ தர்மகர்த்தாக்களிடம் விடப்பட்டு மிஷன் நோக்கத்திற்கே பயன்படவேண்டுமென விதித்தது. நோக்கம் நன்றே. ஆயினும், நடுநிலை நாட்டாரின் உடைமையைத் தர்மத்தின் பெயரால் கைமாற்றினாலும் அது பறிமுதலே என்பது நம் துணிபு.

தமிழ்ப் பகுதியில் லைப்சிக் மிஷனெரிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. ஆனால் அங்கே சுவீடன் திருச்சபை மிஷன் பொறுப்பேற்க, 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. மேற்குக் கடற்கரை ஆலைகளிலோ, அதே சபையார் அதே களிமண்ணைப் புதிய முதலாளிகளுக்காகப் பிசைந்தனர்.