புரியும்படி வாசித்துக் காட்டு

எஃப்.ஐ.ஆர். பதிவு பற்றிச் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. பிழைக்க வந்த ஊரில் பறிகொடுத்து நிற்பவரின் பக்கமிருந்து அதைப் படித்துப் பார்க்கலாம்.

‘குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும்’: மும்பை தாராவியில் கோலி (ஒற்றை அறை வீடு), செம்பூரில் வீட்டு வேலை. திரும்பும் வழியில் செம்பூரிலேயே செயினை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான் என்று வையுங்கள். அழுதபடி வந்து சேர்ந்தவரை, “அது எங்க ஏரியா இல்ல” என்று வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக் கூடாது. எழுதி வாங்கி உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதைத்தான். ஊரிலிருந்து வரும் ரயிலில் சோலாப்பூர் அருகே பை களவு போனாலும் இதே கணக்குதான்.

‘வாய்மொழியாகவோ மின்னணு வழியாகவோ’: சொல்வது நம் வேலை, எழுதுவது போலீஸ் வேலை. மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். ஆதாரையோ ரேஷன் கார்டையோ இந்தப் பிரிவு நிபந்தனையாக வைக்கவில்லை.

‘வாசித்துக் காட்ட வேண்டும்’: உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மும்பையில் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் மராட்டியில் எழுதப்படுகிறது. தாராவி லேபர் கேம்ப் பகுதி அக்காமார் பலருக்கு இந்தி பேச வரும், எழுத்து வராது. “கத்தியக் காட்டிப் புடுங்கினான்” என்று அவர்களில் ஒருவர் சொன்னது தாளில் வெறும் ‘பிடுங்கினான்’ என்று இறங்கிவிட்டால், 10 ஆண்டு வரை தண்டனை உள்ள கொள்ளை, 3 ஆண்டு வரை உள்ள பறிப்பாகச் சுருங்கிவிடும். ஒரு சொல் விடுபட்டால் வழக்கே மாறுகிறது. காதில் சத்தம் விழுந்தாலே வாசித்துக் காட்டியதாகும் என்பதை நான் ஒப்பமாட்டேன். கேட்பவருக்குப் புரிய வேண்டும். இந்தியில் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் மராட்டி படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளியின் புகாரை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் பதிய வேண்டும் என்று இதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மொழி தெரியாமல் வந்து நிற்பவருக்கும் அப்படி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதாதது பெருங்குறை.

‘நகல் உடனே, இலவசமாக’: ஜெராக்ஸ் காசுகூடக் கேட்கக் கூடாது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு.

‘பதிய மறுத்தால்’: வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் தகவலிலேயே தெரிந்தால் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. புதிய சட்டமோ 3 முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. பதிய மறுத்தால் விவரத்தை எழுதி மும்பையில் துணை போலீஸ் கமிஷனருக்கு (டி.சி.பி.) தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஸ்பீட் போஸ்ட் ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். மனுவோடு அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.