கடற்பாசியில் பதிந்த கதிர்

நோன்பு திறக்க உம்மா காய்ச்சும் கடற்பாசிக்கு ஒரு பக்குவம் உண்டு. கொதியில் ஒரு இழை மிஞ்சாமல் கரைய வேண்டும். தட்டில் ஊற்றிய பிறகு யாரும் அசைக்கக் கூடாது.

அந்த உம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. மடவளையிலிருந்து கண்டிக்கு 25 நாள் பஸ்ஸில் கூட்டிப்போனேன், கதிர்ச் சிகிச்சைக்கு. ஒரு நாள் கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத சாமான், சரியான இடத்திலதான் படுதெண்டு எப்பிடி மகன் தெரியும்?" பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு முழுப் பதில் தெரிந்திருக்கவில்லை. தேடினேன். தேடல் கடற்பாசியிலேயே கொண்டுபோய் விட்டது.

அயனாக்க அறை என்ற கருவி கதிரை ஒரு புள்ளியில் அளக்கும்; படச்சுருள் ஒரு தளத்தில் அளக்கும். உடம்போ கனமுள்ளது. 1927இல் ஹியூகோ ஃபிரிக்கே, கதிர் பட்டால் பெரசு அயன் பெரிக்கு அயனாகும் கரைசலை அளவுகோலாக்கினார். 1984இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் கோரும் கூட்டாளிகளும், அந்த இரசாயன மாற்றத்தை எம்.ஆர்.ஐ. மெசினால் படமாகப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். கரைசலை ஜெலியாக உறைய வைத்தால் கதிர் விழுந்த வடிவம் முப்பரிமாணத்தில் கிடைக்கும். ஆனால் அயன்கள் ஜெலிக்குள்ளும் ஊர்ந்தன. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் கூரான ஓரம் மங்கிப்போகும்.

இதற்கு மாற்று 1990களின் தொடக்கத்தில் வந்தது. மாரெக் மரியான்ஸ்கியும் கோரும் மற்றவர்களும், கதிர் பட்ட இடத்தில் ஏகபகுதியங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து பல்பகுதியமாகும் ஜெலியைச் செய்தார்கள். அந்தச் சங்கிலி பெரியது, ஊராது. உறைய வைத்த பொருள் அகரோஸ், கடற்பாசியிலிருந்து எடுப்பது! சேர்மானங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பனானா' என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த 'பேங்' ஜெலியில் அகரோஸுக்குப் பதில் ஜெலட்டின்; அது தெளிவாக இருக்கும், கதிர் பட்ட இடம் வெண்மையாகக் கண்ணுக்கே தெரியும்.

இதை உம்மாவுக்குத் தட்டை வைத்து விளக்கினேன். "அப்ப காத்துப் படாம மூடோணுமே?" என்றார். உண்மையில் ஜெலியால் கதிரை அளக்கும் துறையின் பெரிய தலைவலியே அதுதான். ஒட்சிசன் கொஞ்சம் கரைந்தாலும் சங்கிலி வளராது. நைதரசனை மணிக்கணக்கில் ஊதி, மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் ஜெலி காய்ச்சினார்கள். 2001இல் வந்த 'மேஜிக்' ஜெலியில் விற்றமின் சியும் செப்புச் சல்பேற்றும் சேர்த்து, ஒட்சிசனை உள்ளேயே பிணைத்தார்கள். அதன் பிறகு சாதாரண மேசையிலேயே காய்ச்ச முடிந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பனானா, பேங் ஜெலிகளின் சேர்மானமான அக்கிரிலமைட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சு. செய்பவர் கையைக் காக்க, அதைவிட நஞ்சு குறைந்த பொருள்களையும் பின்னாட்களில் தேடினார்கள்.

நாளாந்தச் சோதனைக்கு இன்றும் அயனாக்க அறைதான். ஜெலி, சிக்கலான சிகிச்சைத் திட்டங்களைச் சரிபார்க்கவும் ஆய்வுக்கும் உதவுகிறது. கதிர் பட்டபின்பும் உள்ளே சங்கிலி கொஞ்ச நேரம் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் அசைக்காமல் வைத்து, பெரும்பாலும் மறுநாள்தான் படமெடுக்கிறார்கள்.