யூதர் மரபில் மழலையர்க்கு உயிரிரக்கம்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம், பிற சமயத்தார் தம் மக்கட்கு உயிரிரக்கத்தை எங்ஙனம் ஊட்டினர் என்று அறிதல் நலம். யூதர் புலாலுணவை விலக்கியவர் அல்லர். அவ்வகையில் அவர் நெறி நம் நெறியினின்றும் வேறுபட்டதே. ஆயினும் விலங்குகளுக்கு வீணே துன்பம் இழைத்தலை அவர் அறநூல்கள் குற்றமெனவே கொள்கின்றன.

போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது. எருதையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டலாகாது. சுமையின் கீழ் வீழ்ந்த கழுதை பகைவனுடையதாயினும் அதற்கு உதவ வேண்டும். ஏழாம் நாளின் ஓய்வு கால்நடைக்கும் உரியது. இவை அவர்தம் மறையாகிய தோராவின் கட்டளைகள். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கலாகாது என்னும் விதிக்கு, 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடீஸ் உரைத்த காரணம் சிந்திக்கத்தக்கது. குட்டியின்பொருட்டுத் தாய்விலங்கு படும் துயரம் மானிடத் தாயின் துயரத்தினின்றும் வேறன்று என்றார் அவர்.

விதிகள் முதியோர்க்கு, சிறுவர்க்கோ கதையும் செயலுமே ஆசான். வழிதவறிய ஆட்டுக்குட்டியைத் தேடிச்சென்ற மோசே, அது நீர்வேட்கையால் ஓடியதை உணர்ந்து, தோளிற் சுமந்து மீண்டார். அவ்விரக்கம் கண்டே இறைவன் அவரை மக்கட்குத் தலைவராக்கினான் என்பது ஒரு கதை. அறிஞர் யூதாவிடம், கொலைக்களம் செல்லும் கன்று ஒன்று அடைக்கலம் புகுந்தது. ‘போ, இதற்கே நீ படைக்கப்பட்டாய்’ என்றார்; நோய் அவரைப் பற்றியது. பல்லாண்டுக்குப்பின், பணிப்பெண் பெருக்கித் தள்ளவிருந்த சிறு விலங்கின் குட்டிகளை அவர் காத்தபோதே நோய் நீங்கியது என்கிறது தல்மூத். வளர்ப்பு விலங்குக்கு உணவிட்ட பின்னரே தான் உண்ணவேண்டும் என்பதும் அந்நூலின் விதி.

செங்கடலைக் கடந்தபோது பாடிய பாடல் ஓதப்பெறும் ஓய்வுநாளில், சிறுவர் பறவைகட்குத் தானியம் இடுவது கிழக்கு ஐரோப்பிய யூதரின் வழக்கம். அன்று பறவைகளும் உடன் பாடின என்று பெற்றோர் காரணம் கூறுவர். தமக்கு உரிமையற்ற உயிர்க்கு ஓய்வுநாளில் உணவிடுதல் தகாது எனச் சட்டவல்லார் சிலர் மறுத்தனர். நோக்கம் நல்லறமாதலின் ஏற்கத்தக்கதே எனப் பிறர் வாதிட்டனர். வழக்கம் நிலைத்தது.

நீரை வடிகட்டிப் பருகவும், கதிர் மறையுமுன் உண்ணவும் நம் சிறாரைப் பழக்குகிறோம். ‘ஏன்?’ என்று அவர் வினவும்போது, ‘நம் வழக்கம்’ என்று மட்டும் விடையிறுத்தால், வெளியூர் விடுதியில் தனித்து வாழுங்காலத்து அவ்வழக்கம் எளிதில் நழுவும். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்க்கும் வாழும் வேட்கை உண்டென்று கதையாய்ச் சொல்லி, ஒரு பிடி தானியத்தை அக்கையிற் கொடுத்துப் பறவைக்கு இடச்செய்வோம். அருகன் அறம் அவ்வாறே அடுத்த தலைமுறையில் வேரூன்றும்.