கரும்புச் சக்கைத் தூசி நோய்

கரும்புச் சக்கைத் தூசி நோய் (பகசோசிஸ்) என்பது பூசணம் பிடித்த பழைய சக்கையின் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பில் உள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் போன்ற ஆலைகளிலும், சக்கையை மூலப்பொருளாகக் கொண்ட காகித, அட்டைத் தொழிற்சாலைகளிலும் கவனிக்க வேண்டிய தொழில்சார் நோய் இது.

காரணம்: ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 280 முதல் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம் என்பதால் புதுச் சக்கையால் இந்நோய் வருவதில்லை. கொதிகலனுக்குப் போனது போக எஞ்சியதைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி, வெப்பம் விரும்பும் நுண்ணுயிரிகள் பெருகும். காய்ந்த குவியலைக் கலைக்கும்போது அவற்றின் நுண்வித்துகள் காற்றில் பறந்து நுரையீரலின் ஆழம் வரை செல்லும்.

வரலாறு: 1941இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஜேமிசன், ஹாப்கின்ஸ் என்ற மருத்துவர்கள் இதைப் பதிவு செய்து, பூஞ்சை நோய் என்று கருதினர். இங்கிலாந்தில் இறக்குமதிச் சக்கையைக் கையாண்டவர்களிடம் கண்ட பாதிப்பை ஹண்டரும் பெரியும் 1946இல் விவரித்தனர். இந்தியாவில் 1950களிலிருந்து மருத்துவ ஏடுகள் இதைப் பேசின. சக்கையில் வளரும் நுண்ணுயிரி ஒன்றுக்கு 1971இல் லேசி ‘தெர்மோஆக்டினோமைசிஸ் சக்கரி’ என்று பெயரிட்டார். அது பூஞ்சையன்று, பாக்டீரியா வகை.

அறிகுறிகள்: தூசி பட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வரும். வேலையை விட்டு விலகினால் பெரும்பாலும் தணியும். தொடர்ந்து தூசியில் உழன்றால் நுரையீரல் தழும்பேறி நிரந்தரமாகச் சுருங்கலாம். காசநோய் என்று தவறாகக் கருதவும் இடமுண்டு. நோயாளியின் வேலை என்ன என்று மருத்துவர் கேட்டறிவது அவசியம்.

தடுப்பும் சட்டமும்: சக்கையை ஈரமாகவே சேமிப்பது, தூசி எழும் இடத்தை மூடி உறிஞ்சுகாற்றாடி வைப்பது, தகுந்த முகக்கவசம் தருவது ஆகியவை முதன்மைத் தடுப்புகள். முகத்தில் கட்டும் துண்டு நுண்வித்துகளைத் தடுக்காது. தூசியை வெளியேற்றும் பொறுப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு ஆலையின் மீது சுமத்தியது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சி பகுதியில் இந்நோய் பெயர் சுட்டி இடம்பெற்றது. இழப்பீடு கோருவதற்கு, நோய் வேலையால் வந்தது என்று சரியாகக் கண்டறியும் மருத்துவச் சான்றே முதல் தேவை.