விதியா? விதிமுறையா?

விமானம் என்னும் சொல்லைத் திருவில்லிபுத்தூர்க் கோயிலார் கருவறையின்மேல் எழும் கட்டடத்துக்கு வழங்குவர். இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளர் வானில் பறக்கும் ஊர்திக்கு வழங்குவர். இரண்டும் மனிதனின் அறிவும் உழைப்பும் ஈன்றவையே. ஆயினும், ஒன்று நிமிர்ந்து நின்றால் தெய்வச் செயல் என்கிறோம். மற்றொன்று வீழ்ந்தால் விதி என்கிறோம். முறைதானா இது?

இவ்விரு ஊர்களுக்கும் மேற்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடரின் மறுபுறம் சின்னமனூர். 1971 டிசம்பர் 9ஆம் நாள், மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்த இந்தியன் ஏர்லைன்சு விமானம் அவ்வூரை அடுத்த மேட்டு நிலத்தில் மோதிற்று. இருந்தோர் 31 பேர். மாண்டோர் 21 பேர்.

தலையெழுத்து என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டால், அடுத்த விமானத்துக்கும் அதே மலை காத்திருக்கும். அறிவுலகம் அவ்வாறு இருந்துவிடவில்லை. 1944இல் உருவான சிகாகோ உடன்படிக்கையின் கீழ், விபத்துகளை ஆராய்வதற்கான விதிமுறைகள் 1951இல் ஏற்கப்பட்டன. மீண்டும் நேராமல் தடுப்பதே ஆய்வின் நோக்கம் என்கின்றன அவை.

இறங்கும் கலை வளர்ந்த வரலாற்றைப் பாருங்கள்! ஓடுபாதையருகிலிருந்து இரு வானொலிக் கதிர்களை எழுப்பினர். ஒன்று இடமோ வலமோ விலகாமல் நேர்வழி காட்டும்; மற்றொன்று ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்குவழி காட்டும். 1938 சனவரியில், பனிப்புயலுக்கிடையே, பயணிகளுடன் அமெரிக்காவின் பிட்சுபர்க்கில் ஒரு விமானம் இம்முறையால் நலமாக இறங்கியது.

மலையில் மோதும் கேட்டைத் தடுக்கக் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் ஒரு கருவி கண்டார். தரைக்கு அனுப்பிய வானொலி அலை திரும்பும் காலத்தைக் கொண்டு உயரத்தை அளந்து, தரை விரைந்து நெருங்கினால் விமானியை அது எச்சரிக்கும். 1974 டிசம்பரில் வாசிங்டன் அருகே மலையில் மோதி 92 பேர் மடிந்தபின், அமெரிக்கா அக்கருவியைக் கட்டாயமாக்கியது. 1990களில் உலகின் மலைகளையெல்லாம் தன் நினைவில் ஏந்திய கருவியும் வந்தது.

நாமோ, புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பிரேக்கைப் பார்க்க மறக்கிறோம்! விமானம் இராகு காலத்திலும் இறங்குகிறது, எமகண்டத்திலும் இறங்குகிறது. அதைக் காப்பது பஞ்சாங்கமா, உயரமானியா?

தோழர்களே! விபத்து நேரும்போதெல்லாம் "ஏன்?" என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். 21 உயிர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.