முன்விளக்கின் கதை: கார்பைட் முதல் எல்.ஈ.டி. வரை



இரவில் லண்டன் வீதிகளில் உணவுப் பொதிகளோடு ஓடும் 125 சிசி மோட்டார் சைக்கிள்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹலோஜன் மின்குமிழைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடலாமா என்பது அவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, முன்விளக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் இருந்தது கார்பைட் விளக்கு. கல்சியம் கார்பைட் கட்டியின்மேல் தண்ணீர் சொட்டினால் அசெற்றிலீன் வாயு எழும், அதைத்தான் பற்றவைத்தார்கள். பின்னர் டைனமோ வந்தது. பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம் 6 வோல்ற் விளக்குகளை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. வெளிச்சம் மங்கல்தான். ஆனாலும் ஓடலாம்.

அந்த மங்கல் வெளிச்சத்தையும் மறைக்க வேண்டிய காலம் ஒன்று வந்தது. 1939 செப்ரெம்பர் 1 முதல் பிரித்தானியாவில் இருட்டடிப்பு. விமானத்திலிருந்து தெரியாதபடி முன்விளக்குகளுக்கு மூடி போட்டு, சிறு கீறல்களால் மட்டும் ஒளியைக் கீழே விழ விட்டார்கள். வீதி விபத்துகள் பெருகின. 1940 பெப்ரவரியில், கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் இரவு வேகம் மணிக்கு 20 மைல் என்று கட்டுப்படுத்தினார்கள். அப்படியிருந்தும் 1941 இல் வீதிகளில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இருட்டு எங்களுக்கும் புதிதல்ல. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பெற்றோலும் தடை. சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, 3 வாற் டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஒரு வாற் மின்சாரத்தின் அருமை அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

அதனால்தான் எல்.ஈ.டி. எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மேல் மஞ்சள் பொஸ்பர் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கும். ஹலோஜன் மின்குமிழ் சிறிய வண்டிகளில் 35 வாற், பெரியவற்றில் 55 வாற் அளவு இழுக்கும். அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் எல்.ஈ.டி. கூடிய வெளிச்சம் தரும்.

ஆனால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். ஹலோஜனில் ஒளி தருவது ஒரு சிறு கம்பிச்சுருள். அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் விளக்கின் குழிவாடி செய்யப்படுகிறது. 'டிம்' சுருளுக்குக் கீழேயுள்ள சிறு உலோகத் தட்டு, எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி போகாமல் மறைக்கிறது. எல்.ஈ.டி. மின்குமிழில் ஒளி தரும் சில்லுகள் இடமோ அளவோ சற்று மாறினாலும் ஒளி சிதறி மேலே போகும். ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதுபோல் தெரியும். மழையில் நனைந்த வீதியில் எதிரே வருபவருக்குக் கண் கூசும். கண் கூசியவர் உங்கள் பிள்ளையையே காணாமல் விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஹலோஜன் விளக்கில் எல்.ஈ.டி. போட்டிருப்பதை மட்டும் காரணம் காட்டி மோட்டார் சைக்கிளை எம்.ஓ.டி. பரிசோதனையில் தவறவிடக் கூடாது என்று 2021 இல் விதி மாறியது. பெரும்பாலான கார்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனாலும் ஒளி விழும் உயரமும் வடிவமும் சரியாக இருக்க வேண்டும். எம்.ஓ.டி. சித்தியடைந்தால் மட்டும் வீதிச் சட்டத்துக்கு ஏற்றதாகிவிடாது.

ஆகவே மாற்ற விரும்புபவர்கள், எல்.ஈ.டி.க்கென்றே செய்யப்பட்டு, வட்டத்துக்குள் 'ஈ' முத்திரை உள்ள முழு விளக்கையே வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். பூட்டியபின் ஓட்டுபவர் வண்டியில் இருக்க, ஒரு சுவரில் டிம் ஒளியை அடித்துப் பாருங்கள். மேல் எல்லை கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்க வேண்டும். சிதறினால் பழையதையே திரும்பப் பூட்டுங்கள்.

பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருவதற்குத்தான் அந்த விளக்கு.